குருநகரில் ஒற்றை வசனம்

என்னுடைய குறும்படத்தில் ஒரே ஒரு வசனம்தான் உண்டு. பத்து நிமிடப் படத்தில் ஒன்பதே முக்கால் நிமிடத்துக்கு யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். கதையைக் கேட்ட நண்பர்கள் மௌனத்தின் அழகியல் என்று மரியாதையாகத் தலையாட்டினார்கள். நான் மறுக்கவில்லை. உண்மைக் காரணம் வேறு. மைத்துனனிடம் இரவல் வாங்கிய டி.எஸ்.எல்.ஆர். காமிராவில் படம் கண்ணாடிபோல விழும். சத்தம் மட்டும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதுபோல விழும். ஆகவே சத்தத்துக்குத் தனியாக ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவி. படம் ஒரு பெட்டியில், சத்தம் இன்னொரு பெட்டியில்; ஊருக்குத் திரும்பி இரண்டையும் கணினியில் சேர்த்துக் கட்டிவைக்க வேண்டும். இப்படி எத்தனை கல்யாணம் செய்துவைக்க எனக்குத் தெம்பு உண்டு என்று யோசித்தேன். ஒன்று என்று பட்டது. எனவே ஒரு வசனம்.

கதை சிறியது. ஒரு மீனவரும் மனைவியும் ஏதோ கோபத்தில் ஒரு நாள் முழுக்கப் பேசிக்கொள்ளாமல் இருக்கிறார்கள். மாலையில் அவர் வாசலில் நின்று "போறன்" என்கிறார். இறங்கிப் போய்விடுகிறார். அவ்வளவுதான். தமிழன் எவனும் வீட்டிலிருந்து கிளம்பும்போது போகிறேன் என்று சொல்லமாட்டான். ரேஷன் கடைக்குப் போனாலும் போய்விட்டு வருகிறேன்தான். ஆகவே அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆள் திரும்பி வரமாட்டார் என்று பார்ப்பவருக்குப் புரிந்துவிடும், நெஞ்சு அடைக்கும், கைதட்டல் கேட்கும். எழுதி முடித்த அன்று என் தோளை நானே தட்டிக்கொண்டேன்.

கடலும் படகும் நடிக்கத் தெரிந்த ஒரு மீனவரும் வேண்டும். நான் இருப்பது திருச்சி. காவிரியில் மணல்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் சிவநேசன் இருந்தார்.

சிவநேசன் வங்கி ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கோண்டாவில்காரர். என் கட்டுரைகளில் உள்ள தகவல் பிழைகளைப் பத்து வருடமாகக் கடிதம் எழுதிச் சுட்டிக்காட்டி வருபவர். அப்படித்தான் நண்பரானோம். முதல் நாள் பலாலி விமான நிலையத்துக்கு மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். விமானம் இரண்டு பக்கமும் காற்றாடி வைத்த சிறிய ரகம். அது என்னைக் கொண்டுவந்து சேர்த்ததை நான் இன்னும் முழுதாக நம்பியிருக்கவில்லை. "என்ன ஐசே, முகம் வெளிறிப்போச்சு?" என்றார். ஐசே என்பது அங்கே படித்த பெரியவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் முறை. கேட்ட மாத்திரத்தில் எனக்கு இரண்டு பட்டம் கூடியதுபோல இருந்தது.

அவர் வீட்டில் இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் தேங்காய்ச் சம்பலும். எங்கள் வீட்டில் இடியாப்பத்தை எண்ணிக்கை சொல்லித்தான் வைப்பார்கள். அங்கே நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே தட்டில் வந்து விழுந்துகொண்டிருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் விருந்தாளியை ஏன் நிறையப் பேசவைக்கிறார்கள் என்பது ஒன்பதாவது இடியாப்பத்தில் புரிந்தது.

மாலையில் குருநகர்க் கடற்கரைக் குடியிருப்பில் எனக்காகப் பார்த்துவைத்திருந்த மீனவரிடம் கூட்டிப்போனார். அந்தோனிப்பிள்ளை அண்ணைக்கு அறுபது வயதிருக்கும். களப்பில், அதாவது ஊரை ஒட்டிய உப்பங்கழியில், மாலையில் வலையோடு இறங்கி விடியலில் திரும்புகிறவர். ஊர்க் கூத்துகளில் முப்பது வருடமாக ராஜா வேடம். அவர் மனைவி திரேசாக்கா என் இரண்டு கருவிகளையும் சந்தேகத்தோடு பார்த்தார்.

"இது என்ன தம்பி?"

"சத்தம் பதிவு பண்றதுக்கு அக்கா."

"அப்ப அது?"

"அது படம் எடுக்கிறதுக்கு."

"என்ரை பேத்தியின்ரை போனிலை ரெண்டும் ஒண்டா வருதே. இந்தியாவிலை இன்னும் அது வரேல்லையோ?"

அவரையும் நடிக்கக் கேட்டேன். முகத்தைக் காட்டமாட்டேன், முதுகு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். என் படத்தின் கதாநாயகி அப்படித்தான் ஒரு முதுகானார். பிறகு பார்த்தபோது நான் அறிந்த பல நடிகைகளின் முகங்களைவிட அந்த முதுகில் பாவம் அதிகம் இருந்தது.

இரண்டாம் நாள் படப்பிடிப்பு. ஒலிக்கருவியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க நீண்ட கழி தேவை. சிவநேசன் வீட்டிலிருந்து முருங்கைக்காய் பறிக்கும் கொக்கத்தடியைக் கொண்டுவந்தார். நுனியில் கருவியைக் கட்டி, காற்று இரைச்சல் விழாமலிருக்க என் காலுறை ஒன்றை மாட்டினோம். அதை நெடுக்காக ஏந்தி மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து யாழ்ப்பாண நகரைக் கடந்தபோது, பழைய கால யுத்தத்துக்குத் தாமதமாகப் போகும் குதிரைவீரன்போல உணர்ந்தேன். ஆஸ்பத்திரி வீதிச் சந்தியில் திரும்பும்போது கொக்கி ஒரு ஓட்டோவின் பக்கத் திரையில் மாட்டியது. ஓட்டோக்காரர் இறங்கி வந்து, நுனியிலிருந்த காலுறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கொக்கியை விடுவித்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

குருநகரில் ஒழுங்கை எனப்படும் சந்துக்குள் நுழைந்ததும் ஒரு வீட்டு வேலிக்கு மேலிருந்து குரல் வந்தது: "இஞ்சை மாங்காய் இல்லை ஐயா!"

அந்தோனிப்பிள்ளை அண்ணைக்கு நடிப்பு வராமலில்லை, நிற்கத்தான் மறுத்தது. செம்பை எடுத்துத் தண்ணீர் குடியுங்கள் என்றேன். நாலு எட்டு வைத்து, அரைவட்டமாகத் திரும்பி, கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் தாகம் தீரும்படி குடித்தார்.

"அண்ணே, கொஞ்சம் சாதாரணமா. நீங்க உங்க வீட்ல எப்படிக் குடிப்பீங்களோ அப்படி. நீங்க கட்டியிருக்கிற சாரம், உங்க செம்பு, உங்க வாசல். எல்லாமே உண்மையா இருக்கணும். அதுதான் இந்தப் படத்தோட உயிர்."

"எல்லாம் உண்மையா இருக்கவேணும்," என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த வாக்கியம் எனக்கே திரும்பி வரும் என்று அப்போது தெரியாது.

படத்தையும் சத்தத்தையும் பிற்பாடு சேர்க்க ஓர் அடையாளம் வேண்டும். ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் காமிரா முன்னால் ஒரு கைதட்டு. கைகள் சேர்வது படத்தில் தெரியும், சத்தம் கருவியில் விழும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் பொருந்திவிடும். இந்தப் பொறுப்பைத் திரேசாக்கா ஏற்றார். ஆராதனையில் தட்டுவதுபோல இரு கைகளையும் உயர்த்தி ஒரே அடி. கூரையிலிருந்த காகங்கள் எழுந்து போகும். அன்று ஏழு காட்சிகள் எடுத்தோம். பாண், அதாவது ரொட்டி, விற்கும் ஓட்டோ தன் பாட்டோடு நான்கு முறை ஒழுங்கையைக் கடந்தது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை காமிரா சூடேறி நின்றுவிடும். அதை வாழையிலையால் விசிறினோம். கடைசிக் காட்சிக்கு ஒத்திகை பார்க்கும்போது மட்டும் அந்தோனிப்பிள்ளை அண்ணை வாசல்வரை வந்து, வாயைத் திறந்து, மூடி, "அதைக் கடைசியிலை பாப்பம் தம்பி" என்றார். உணர்ச்சியைச் சேமித்து வைக்கிறார், பழுத்த கலைஞர் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை, கோண்டாவிலில் பாணையும் பருப்பையும் முன்னால் வைத்துக்கொண்டு ஒலிப்பதிவைக் கேட்டோம். அதில் ஒரு கைதட்டுகூட இல்லை. செம்புச் சத்தம் இல்லை. பாண் ஓட்டோ மட்டும் இருந்தது, அதுவும் காட்சி நடக்காத நேரங்களில். கொஞ்ச நேரம் கழித்துத்தான் என் மேதைமை விளங்கியது. அந்தக் கருவியின் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் சிவப்பு விளக்கு மினுக்கும். அது தயார் என்று அர்த்தம். இரண்டாம் முறை அழுத்தினால்தான் பதிவு. நான் காட்சி தொடங்கும்போது ஒருமுறை அழுத்தி, முடிந்ததும் நிறுத்துவதாக எண்ணி இன்னொருமுறை அழுத்தியிருக்கிறேன். நாள் முழுவதும் காட்சிகளை விட்டுவிட்டு இடைவேளைகளைச் சுத்தமாகப் பதிவு செய்திருக்கிறேன்.

"வங்கியிலை இப்பிடி ஒரு காசாளர் இருந்தவர்," என்றார் சிவநேசன்.

அப்போது கருவியிலிருந்து திரேசாக்காவின் குரல் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் கொக்கத்தடியைக் அடுப்படிச் சுவரில் சாய்த்துவைத்திருந்தோம்.

"நீங்கள் அந்தச் சொல்லைச் சொல்லப் போறியளோ?"

"எனக்கு விசரே? பின்னேரம் களப்பிலை இறங்கிற ஆள் நான்."

"அப்ப அந்தத் தம்பிக்குச் சொல்லுங்கோவன்."

"என்னெண்டு சொல்லுறது? பாவம், அங்கையிருந்து வந்திருக்கு. அந்த ஒரு சொல்லுத்தான் படமாம்."

"சொல்லாமல் எத்தினை நாளைக்கு வாயைத் திறந்து திறந்து மூடுவியள்? மீன் மாதிரி."

பருப்பு ஆறிப்போனது. அந்தச் சொல் கெட்ட சகுனம் என்பது எனக்கும் தெரியும். அதனால்தானே எழுதினேன். அதை ஒரு மனிதர் தன் சொந்த வாயால், தன் வாசலில் நின்று சொல்ல வேண்டியிருக்கும் என்பதுதான் தோன்றவில்லை. நாடகக் கலை பற்றி ஒரு அலமாரி நிறையப் படித்தவனுக்கு நேரக்கூடிய பிழை அது.

நேரே குருநகருக்குப் போய் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். "அண்ணே, கூத்துல நீங்க எத்தனை தடவை செத்திருக்கீங்க?"

"அது ராசா செத்தது தம்பி. எனக்கு முடி வைச்சு, முகத்துக்குப் பூசி, ஆரெண்டு அடையாளம் தெரியாமல் எல்லே சாகிறது. இது என்ரை சாரம், என்ரை வாசல். எல்லாம் உண்மையா இருக்கவேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? பிறகு சொல்லு மட்டும் என்னெண்டு பொய்யாகும்?"

திரேசாக்கா உள்ளேயிருந்து சொன்னார்: "என்ரை அப்பு ஒருநாள் கோவத்திலை போறன் எண்டு சொல்லிப்போட்டுத் தொழிலுக்குப் போனவர்."

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். "அப்பா திரும்பி வரலையா அக்கா?"

"அவர் வந்தவர். வலை வரேல்லை." தேங்காய் துருவும் சத்தம் கொஞ்சம் நின்றது. "அண்டைக்கு வலை. அடுத்த முறை என்ன எண்டு ஆர் கண்டது?"

வழியும் அவரே சொன்னார். "படம் ஒரு பெட்டியிலை, சத்தம் வேறை பெட்டியிலை எண்டனீங்கள். அப்ப வாய் இஞ்சை வாசலிலை அசையட்டும். அவர் வாறன் எண்டே சொல்லட்டும். மற்றச் சொல்லைக் கடல் தெரியாத, எங்கடை இல்லாத இடத்திலை கொண்டுபோய்ப் பிடியுங்கோ. பிறகு நீங்கள் ஒட்டுங்கோ." நான் மாதக்கணக்கில் படித்தும் பிடிபடாத தொழில்நுட்பத்தின் சாரத்தை அவர் தேங்காய் துருவிக்கொண்டே சொல்லிவிட்டார்.

கடல் தெரியாத இடம். குடாநாட்டில் எந்தப் பக்கம் நடந்தாலும் கடைசியில் கால் நனையும். உரும்பிராய்ப் பக்கம் செம்மண் தோட்டங்கள் உண்டு என்றார் சிவநேசன். அவரும் அந்தோனிப்பிள்ளை அண்ணையும் நானும் கொக்கத்தடியும் மினிபஸ்ஸில் ஏறினோம். தடிக்குத் தனி இருக்கை தர நடத்துநர் மறுத்ததால் அது கூரையோரமாகப் பயணிகள் எல்லார் தலைக்கு மேலும் படுத்து வந்தது. என் காலுறை ஓட்டுநரின் காதருகே ஆடியது.

ஒரு வெங்காயத் தோட்டம். நல்ல அமைதி. தோட்டக்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வந்தார். சிவநேசன் விளக்கினார்.

"அப்ப உவர் என்ரை தோட்டத்திலை நிண்டு போறன் எண்டு சொல்லப் போறாரோ?"

"ஓம். ஒரு சொல்லுத்தான்."

"நட்டு ஆறு நாள் ஐயா. உவர் சொல்லிப்போட்டு வீட்டை போயிடுவார். வெங்காயம் எல்லே கேட்டுக்கொண்டு நிக்கப்போகுது?"

வெங்காயத்தின் பக்கம் நியாயம் இருந்தது. வெளியே வந்தோம். சிவநேசன் பொறுமையிழந்தார். "உதெல்லாம் மூடநம்பிக்கை. வாரும், என்ரை வீட்டுக் கேற்றிலை வைச்சுப் பிடிப்பம்." அவர் வீட்டு வெளிக்கதவுக்கு வந்து கருவியை நீட்டினேன். அவர் தொண்டையைக் கனைத்தார். "ஐசே, இண்டைக்கு என்ன கிழமை? மகள் நாளைக்கு மெல்பேணிலையிருந்து வெளிக்கிட்டு வாறாள். வேறை இடம் பாப்பமே?"

திரும்பும் பஸ்ஸில் அந்தோனிப்பிள்ளை அண்ணைக்கே ஒரு யோசனை வந்தது. பஸ் போனாலும் அதே நாளில் திரும்பி வந்துவிடுகிறது. அதற்குள் சொன்னால் தோஷமில்லை. கருவியை வாயருகே பிடித்தேன். கண்ணை மூடி, "போறன்" என்றார். அதே கணம் நடத்துநர் அவர் தோளைத் தட்டினார்: "எங்கை போறியள் அண்ணை?"

"நான் ஓரிடமும் போகேல்லை!" கடைசி வரிசைவரை கேட்கும் கூத்துக் குரல். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பதிவில் சொல்லின்மேல் ஹோர்ன் ஒன்றும், ஒரு சினிமாப் பாட்டின் பல்லவியும், இந்த மறுப்பும் சேர்ந்தே விழுந்திருந்தன. பிரிக்க வழியில்லை.

நான்காம் நாள்தான் படப்பிடிப்புக்குக் கடைசி நாள். இரண்டாம் நாள் காட்சிகளையெல்லாம் காலையிலேயே திரும்ப எடுத்தோம், இம்முறை பொத்தானை இரண்டு தரம் அழுத்தி. கைதட்டு எல்லாம் விழுந்தது. மதியம் திரேசாக்கா கூழ் காய்ச்சியிருந்தார். நண்டும் இறாலும் மீனும் பயற்றங்காயும் பனங்கிழங்கு ஒடியல் மாவும் சேர்ந்த, புளிப்பும் உறைப்புமான கூழ். எங்கள் ஊரில் கூழ் என்றால் ஆடி மாதத்துப் பக்தி. இது வேறு மதம். மூக்கிலும் கண்ணிலும் நீர் ஒழுக உட்கார்ந்திருந்தபோது திரேசாக்கா கேட்டார்:

"தம்பி, நாளைக்கு நீங்கள்தானே போறது?"

"ஆமாக்கா."

"அப்ப நீங்களே சொல்லுங்கோவன். உங்களுக்கு உண்மைதானே அது. குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கினால் காணும், போதும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் படித்தவன். சகுனத்தைக் கிண்டல் செய்து எட்டுக் கட்டுரை எழுதியிருக்கிறேன். கருவியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். பொத்தானை இரண்டு முறை அழுத்தினேன். சிவப்பு விளக்கு ஆடாமல் எரிந்தது. உதட்டைக் குவித்தேன். இரண்டு பக்கமும் காற்றாடி வைத்த அந்தச் சிறிய விமானம் மனதில் வந்தது. கிளம்பும்போது மனைவி பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது வந்தது. அவளிடம் நான் போய்விட்டு வருகிறேன் என்று சொன்னேனா, அல்லது காமிராப் பையைத் தேடும் அவசரத்தில் சரி என்று மட்டும் சொன்னேனா? ஞாபகமில்லை. அந்தப் பதிவு இப்போதும் என்னிடம் இருக்கிறது. ஒரு நிமிடம் நாற்பது விநாடி. ஒரு நடுத்தர வயதுக்காரர் மூச்சுவிடுகிறார்.

வெளியே வந்தேன். கூழ் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்கள்.

நாலு மணிக்கு வெளிச்சம் சரியாக இருந்தது. அவர் உண்மையிலேயே களப்புக்கு இறங்கும் நேரமும் அதுதான். காமிராவை வீட்டுக்குள்ளே வைத்தேன். அடுப்படியில் திரேசாக்காவின் முதுகு, அதற்கு அப்பால் வெயில் நிறைந்த வாசல். சிவநேசன் கதவுக்குப் பின்னால் கொக்கத்தடியோடு மறைந்திருந்தார். "அண்ணே, நீங்க தினமும் சொல்றதையே சொல்லுங்க," என்றேன். திரேசாக்கா முதுகைக் காட்டியபடியே கைகளைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு அடி அடித்தார்.

அந்தோனிப்பிள்ளை அண்ணை வலையைத் தோளில் எடுத்தார். வாசலில் ஒரு கணம் நின்றார். முதல்முறையாக ராஜாவாக இல்லாமல், இடுப்பு வலியுள்ள அறுபது வயது மனிதராக நின்றார். "வாறன்," என்றார். இறங்கினார். காமிராச் சட்டத்துக்குள் வெறும் வெயில். நான் மனதுக்குள் ஐந்துவரை எண்ணத் தொடங்கினேன். அந்த முதுகு மூன்றில் துள்ளியது.

"இஞ்சேருங்கோ! சாப்பாடு!"

தான் நடிப்பது அவருக்கு மறந்துபோயிற்று. அந்தோனிப்பிள்ளை அண்ணை திரும்பி வந்தார், வாசலில் கையை நீட்டினார், சோற்றுப் பெட்டியை வாங்கினார். "சொதி விட்டனீரோ?" என்று கேட்டார். "விட்டனான், சரிச்சுப் பிடியாதேங்கோ" என்று முதுகு சொன்னது. அவர் போனார். காமிரா சூடேறி அணைந்தது.

இன்னொருமுறை எடுக்க ஆள் இல்லை. அவர் அதற்குள் படகடிக்குப் போய்விட்டார். திரும்பி வராத மனிதனைப் பற்றிய என் படத்தில் கதாநாயகன் அரை நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டார், சொதி பற்றியும் விசாரித்துவிட்டார். ஒரு வசனம் நாலாகிவிட்டது. கருவியில் போட்டுக் கேட்டேன். நாலும் மணிபோல விழுந்திருந்தன. மைத்துனனிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடியே அதைப் பதினோரு முறை கேட்டேன். ஏழாவது முறைக்குப் பிறகு மைத்துனன் ஞாபகம் வரவில்லை.

ஐந்தாம் நாள் காலை, அது விமான நிலையத்துக்குப் போகும் வழி இல்லையென்றாலும், சிவநேசனைக் குருநகருக்குத் திருப்பச் சொன்னேன். ஒழுங்கைக்குள் நுழைந்ததும் என் கண் முதலில் தேடியது வேலியில் வலை காய்கிறதா என்றுதான். காய்ந்தது. அந்தோனிப்பிள்ளை அண்ணை முற்றத்தில் குந்தியிருந்து பிளேன் டீ குடித்துக்கொண்டிருந்தார், செம்பில் தண்ணீர் குடித்ததில் பாதி ராஜரீகத்தோடு.

"மீன் எப்படி அண்ணே?"

"பரவாயில்லை. உங்கடை படத்திலை போறன் எண்டு சொல்லியிருந்தால் இவள் எனக்கு இண்டைக்குத் தேத்தண்ணி தந்திருக்கமாட்டாள்."

நேரமாயிற்று. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேற்றடிக்கு வந்தேன். திரும்பிப் பார்த்து வாயைத் திறந்தேன்.

"பொறுங்கோ தம்பி," என்றார் திரேசாக்கா. கைகளைத் தலைக்கு மேலே உயர்த்தி ஒரே அடி. கூரையிலிருந்த காகங்கள் எழுந்து போயின. "இப்ப சொல்லுங்கோ."

"போயிட்டு வர்றேன் அக்கா."

"ஓம். காணும்."

அந்தப் பயணத்தில் முதல் தடவையிலேயே சரியாக அமைந்த என் ஒரே வேலை அதுதான். பதிவு செய்யத்தான் மறந்துவிட்டேன்.